குறுக்கு வழி இருக்க, சுற்றிப் பறப்பது ஏன்?

இடைநில்லா விமானச் சேவைகளில் உலகிலேயே மிக நீண்டது என்று பெயர் பெற்றது சிங்கப்பூர் – நியூயார்க் பயணம். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென ஏர்பஸ் ஏ350-யின் தனி வகை ஒன்றைப் பயன்படுத்துகிறது. அதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க, இருக்கைகள் 161 மட்டுமே. பயண நேரம் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல்.

இந்தத் தூரத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பூகோள உருண்டையில் ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. சீனா, மங்கோலியா, சைபீரியா எனத் தாண்டி, வட துருவத்தை ஒட்டிச் சென்று, கனடா வழியே நியூயார்க்கில் இறங்கும். இரு நகரங்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே ஏறத்தாழ 178 பாகை, அதாவது கிட்டத்தட்ட அரைவட்டம், வித்தியாசம் இருப்பதே காரணம். உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய இந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

ஆனால் விமானம் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்து கிழக்கு நோக்கிப் பறக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரம்! திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு.

இதற்குக் காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற அதிவேகக் காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடு காற்றை நகர்த்துகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. குளிர்காலத்தில் இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் அன்று உலகம் அவற்றைக் கவனிக்கவில்லை.

பூமி கிழக்கே சுழல்வதால், மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தரையோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஆற்றில் நீரோட்டத்தோடு செல்லும் படகைப் போல, காற்றோடு செல்லும் விமானமே முந்துகிறது. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் நியூயார்க் – லண்டன் பயணத்தை 4 மணி 56 நிமிடங்களில் முடித்தது. தரையைக் கணக்கிட்டால் ஒலியைவிட வேகம். ஆனால் சுற்றியிருந்த காற்றைக் கணக்கிட்டால் அது எப்போதும்போலத்தான் பறந்தது.

அடுத்த முறை நெடுந்தூர டிக்கெட் எடுக்கும்போது, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விமானத்தில் ஏறியதும் இருக்கைத் திரையின் வரைபடத்தில் வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால், என்ஜினோடு காற்றும் சேர்ந்து உங்களைச் சுமக்கிறது என்று பொருள்.