பிரைமர் அடிக்கும் முன்…

மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது கூடவே பெயின்ட்டும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தால், பெரும்பாலும் பழி பெயின்ட் மேல்தான் விழும். ரெசின் மாடல்களில் உண்மையான காரணம் அதற்கும் அடியில் இருக்கிறது. பாலியூரித்தேன் ரெசினை சிலிகான் அச்சில் ஊற்றி வார்க்கும்போது, பாகம் சுலபமாகக் கழன்று வருவதற்காக அச்சுக்குள் வழுவழுப்பான ஒரு திரவத்தைத் தெளிப்பார்கள். அதன் மெல்லிய படலம் பாகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் மேல் எந்த பிரைமரும் பிடிக்காது.

இதற்குச் செலவே இல்லாத வழி உண்டு. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்த்து, அலசி, முழுதாக உலர விட வேண்டும். கொதிநீர் கூடாது, வாள், விரல் போன்ற மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். அதே குணத்தை வைத்து, கோணிப்போன வாளை வெந்நீரில் சற்று நேரம் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்து நேராக்கவும் முடியும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த பாகங்கள் என்றால் ஆபத்து வேறு. அவற்றின் மேல் இருக்கும் பிசுபிசுப்பு, முழுதாக இறுகாத அக்ரிலேட் ரெசின். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சொட்டுப் பட்டாலும் சிவந்து அரிக்கும். பலருக்கு அது ஆயுளுக்கும் தொடர்கிறது. எனவே இந்தப் பாகங்களை ஆல்கஹாலில் அலசும்போது நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் ரெசின் பட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அலசிய பாகம் உலர்ந்ததும் புற ஊதா ஒளியில் வைத்து முழுதாக இறுக விட்ட பிறகே தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும்.

அலசிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றுவது இன்னொரு தவறு. இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ரெசின் பட்ட காகிதம், கையுறை ஆகியவற்றை வெயிலில் இறுக விட்ட பின்பே அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்தது தூசி. வார்ப்பு விளிம்புகளைத் தேய்க்கும்போது கிளம்பும் ரெசின் தூள் மாவு போல நயமானது, நுரையீரலின் ஆழம் வரை போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் அது பறக்காது. மேலும் என்95 முகக்கவசம் அணிவது நல்லது. ஆனால் தூசியைத் தடுக்கும் அந்த முகக்கவசம் பெயின்ட் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

ஸ்பிரே பிரைமரை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சுகளாக அடிப்பார்கள். முதல் பூச்சு காய்ந்ததும் அதுவரை தெரியாத ஊசித்துளைகள் பளிச்சென்று தெரியும். பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். டப்பாவிலிருந்து பிரைமரை உந்தித் தள்ளும் வாயு பெரும்பாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. பிரைமரில் உள்ள கரைப்பானும் அப்படியே. சமையல் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எரியும் அறையில் அடிக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டு வைக்கவும் கூடாது.

இவ்வளவையும் வாங்குபவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. உறையிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் வேண்டும். போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ இல்லாததால் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பாவார். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அதை விற்றவர் மீது இத்தகைய வழக்குத் தொடர முடியாது. அதனாலும் லேபிளில் உள்ளபடி நடப்பது முக்கியம்.

இணையத்தில் வாங்கிய பொருள் குறித்த புகாரை அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில், லேபிளின் படம், தோலில் பாதிப்பு இருந்தால் மருத்துவர் சீட்டு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்தி வையுங்கள்.