அறுக்காமல் விட்ட மட்கார்ட்

கடந்த ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் தாத்தாவின் மோட்டாரை அறுக்கப் போனேன். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். அன்று அவர்மீது வந்த கோபம் அடங்க எனக்கு ஒரு மாதமும் ஒரு பிஸ்டனும் செலவாயின.

மோட்டார் என்றால் ஹோண்டா சி70. இன்று சாலையில் பார்க்கும் கப்சாய்களுக்கெல்லாம் மூத்த அக்காள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தாமானில் வளர்ந்த தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: 72 சிசி, ஒரே சிலிண்டர், மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது. இதன் மூதாதையான சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. சோபா மீ கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம். கிளட்ச் பிடி இல்லாததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். 2017இல் அந்தக் குடும்பத்து மோட்டார்களின் மொத்த உற்பத்தி பத்து கோடியை எட்டியது.

அந்தப் பத்து கோடியில் ஒன்று சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் சுமந்தது. தாத்தா அதைப் பழைய மோட்டாராகத்தான் வாங்கினார். பால்வாளிகளைக் கட்டுவதற்காகப் பின்னால் கனமான இரும்புக் கேரியர் ஒன்றைப் பற்றவைத்து மாட்டினார். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அதே கேரியருக்கு முன்னால் என்னை உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோனார். நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அவருக்குக் கண்பார்வை மங்கியது. மோட்டார் கொட்டகைக்குப் போனது. ஒன்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் எனக்கு அந்த மோட்டார்மீது ஆசை வந்தது. உண்மையைச் சொன்னால் தாத்தாமீது உள்ள பாசத்தால் அல்ல. காணொளிகளைப் பார்த்து வந்த ஆசை. பின் மட்கார்டை அறுத்து, ஒற்றை இருக்கை வைத்து, தடித்த டயரும் குட்டைக் குழாயும் மாட்டிய சி70களைப் பார்த்துப் பார்த்து, கைப்பேசியில் படமே வரைந்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் பொமன் மாமாவிடம் போனேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் மோட்டாருக்கு அவர்தான் வைத்தியர்.

படத்தைப் பார்த்தார். துணியால் கையைத் துடைத்தார். "பாப்பா, இந்த மட்கார்டு தனிச் சாமான் இல்ல. சேசிஸோட ஒரே தகடா வந்தது. அறுத்தா அறுத்ததுதான். நட்டு கழட்டி மாத்துற சாமான் எதுன்னாலும் மாத்தித் தரேன். இத மட்டும் கேக்காத" என்றார். அவர் சொன்னது சரி. சி70இன் உடம்பு குழாய்ச் சட்டமல்ல, அழுத்தி வடிவமைத்த இரும்புத் தகடு. பின் மட்கார்ட் அதன் வால் மாதிரி. அதை வெட்டுவது அழகு வேலை மட்டுமல்ல, சேசிஸையே வெட்டுவது. ஜேபிஜேகாரர் கண்ணில் பட்டால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டார். "ஒத்த சீட்டு போட்டா தாத்தா எங்க உக்காருவாரு?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

இருந்தாலும் மனம் ஆறவில்லை. மட்கார்டைத்தானே அறுக்கக் கூடாது என்றார்? அவர் எஞ்சினைச் சுத்தம் செய்து ஓட வைத்துக் கொடுத்த மறுவாரமே, நானாகக் கொட்டகையில் உட்கார்ந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்தில் இணையத்தில் வாங்கிய திறந்த ஃபில்டர். எக்சோஸைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய். ஓசை பிரமாதம். பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. தாத்தா மட்டும் காதைச் சாய்த்து, "வண்டி பசியில கத்துது" என்றார். கிண்டல் என்று நினைத்தேன்.

கிண்டல் இல்லை, நோயையே சொல்லியிருக்கிறார். கார்புரேட்டரில் இருக்கும் ஜெட் என்பது ஊசித் துளை போட்ட பித்தளைத் திருகு. பழைய ஃபில்டர் எவ்வளவு காற்றை விடுமோ அதற்கு ஏற்ற பெட்ரோலை அந்தத் துளை விடும். நான் காற்றை மட்டும் தாராளமாகத் திறந்துவிட்டேன், துளையை மாற்றவில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அப்படிப்பட்ட கலவை அளவுக்கு மீறிச் சூடேற்றும். நான்கு சிலிண்டர் என்றால் ஒன்று முரண்டு பிடித்தாலும் மற்ற மூன்று கொஞ்ச தூரம் இழுத்துப் போகும். இதில் இருப்பதே ஒன்று. அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடித்துத் தள்ளுகிறது. மீதி நேரமெல்லாம் சுழலும் சக்கரத்தின் வேகத்தில்தான் ஓடுகிறது. அந்த 'டுக் டுக்' ஓசையின் இடைவெளி அதுதான்.

தாத்தாவுக்கு ஈப்போவில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. அப்பா பினாங்கில் வேலை செய்கிறார், காடி அவரிடம். பஸ்ஸில் போகலாம் என்று அம்மா சொன்னார். தாத்தாவோ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் பக்கத்தில் நின்றுவிட்டார். பழைய கூட்டரசு சாலையில் கிளம்பினோம். இருவர் பாரம், காலை வெயில், நான் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி வைத்திருந்தேன்.

செம்மோருக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஓசை மாறியது. வேகம் தானாகக் குறைந்தது. அடுத்த நொடி பின் சக்கரம் இறுகி, மோட்டார் வாலை இடதும் வலதும் ஆட்டியது. கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"கியர மிதி! மிதிச்சபடியே இரு!"

மிதித்தேன். இறுகிய சக்கரம் விட்டது. மோட்டார் உருண்டு உருண்டு இடதுபுறப் புல்லில் போய் நின்றது. லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தது.

கிளட்ச் பிடி இல்லையே, பின் எப்படி? சி70இல் கியர் மிதியை அழுத்தும்போதே கிளட்ச் பிரிந்துவிடும். கால் மேலே வரும்வரை எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை. மூன்று மாதம் ஓட்டியும் எனக்கு அது தெரியாது. பார்வை மங்கிய மனிதருக்குக் கால் நினைவில் இருந்தது. புல்லில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தபோது, "உங்க பாட்டியோட போகும்போதும் ஒருதடவ இப்படித்தான்" என்று தொடங்கிவிட்டார்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்பவர்களும்தான். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

பொமன் மாமா என்னைத் திட்டவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பழுப்பாக இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போலக் கோடுகள். சிலிண்டரைக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டார். செலவு, என் ஒரு மாதப் பகுதிநேரச் சம்பளம். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லா நட்டையும் நானே முடுக்க வேண்டும், அவர் பக்கத்தில் நிற்பார். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், அதுவும் எஞ்சின் ஆறியிருக்கும்போது. அந்த மெல்லிய தகட்டை நுழைத்து, உரசியும் உரசாமலும் வருகிறதா என்று பார்ப்பதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது.

பிறகு மோட்டாரை மாற்றவில்லையா? மாற்றினேன். வேகத்தைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றினேன். 6 வோல்ட் விளக்கு மெழுகுவர்த்திதான், அதை 12 வோல்ட்டாக்கினோம். பிரேக் கட்டைகள் புதிது. சி70இன் முன் பிரேக்கைப் பிடித்தால் மற்ற மோட்டார்கள் போல மூக்கு குனியாது, நிமிரும். முதன்முறை ஓட்டுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் காலியான திடலில் அரை நாள் நிறுத்திப் பழகினேன். பின் ஸ்பிரிங் புதிது, நீள சீட்டுக்குக் கருஞ்சிவப்பு உறை. ஏர் ஃபில்டர் பெட்டியும் பழைய எக்சோஸும் திரும்பி வந்தன. நண்பர்கள் பலர் இஎக்ஸ்5 எஞ்சினைத் தூக்கி மாட்டச் சொன்னார்கள். அதற்கு ஜேபிஜே அனுமதியும் பரிசோதனையும் வேண்டும் என்பது ஒருபுறம். இந்தச் சின்ன டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

சாயம் அடிக்க மட்கார்டின் அடிப்புறத்தைச் சுரண்டியபோது, கேரியர் திருகுகளைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தார் என்று நினைத்து எறியப் போனேன். தாத்தா வாங்கி விரலால் நசுக்கி முகர்ந்தார். "ஒட்டுப்பால்" என்றார். அந்த ஒரு இடத்தில் சாயம் அடிக்கவில்லை. கேரியரும் இருக்கிறது. இப்போது அது தாத்தாவுக்கு முதுகுச் சாய்வு.

போன மாதம் மறுபடியும் ஈப்போ போனோம், ஐம்பதைத் தாண்டாமல். சமிக்ஞை விளக்கில் பக்கத்தில் ஒரு சி70 வந்து நின்றது. மட்கார்ட் அறுத்தது, ஒற்றை இருக்கை, தடித்த டயர். நான் வரைந்த படமே எழுந்து வந்தது போல இருந்தது. அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். தாத்தா குனிந்து கிட்டத்தில் பார்த்துவிட்டு அந்த மலாய் இளைஞனிடம் அவன் மொழியிலேயே கேட்டார்: "தம்பி, பின்னால உக்கார எடம் எங்க?"

அவன் சிரித்தான். பச்சை விழுந்தது.