உஷார்! உழைத்த மணியை விழுங்கும் ஆக்சஸ் ஃபைல்

மணிக்கணக்கில் பில் போடுகிறவரா நீங்கள்? வேலை நேரத்தை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் பதிந்து, ரிப்போர்ட்டில் வரும் மொத்தத்தை அப்படியே பில்லில் எழுதுகிறீர்களா? ஐயோ, கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கோவையில் ஒரு பெண்மணி, சின்ன டிராயிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். இரண்டு பையன்கள் ஆட்டோகேடில் வரைகிறார்கள். மணிக்கு 600 ரூபாய். தெரிந்தவர் யாரோ போட்டுக்கொடுத்த ஆக்சஸ் ஃபைல். ஒரு வாரம் மொத்தம் 22:30 என்று வந்தது. 13,500 ரூபாய்க்கு பில் போட்டார்.

உண்மையில் பார்த்த வேலை 46 மணி 30 நிமிடம்!

24 மணி நேரம் மாயம். 14,400 ரூபாய் போச்சு. கஸ்டமர் வாய் திறப்பாரா? குறைந்து வந்த பில்லைக் குறை சொல்ல யாருக்குப் பைத்தியம்? 49 மணி 15 நிமிடம் வேலை நடந்த வாரத்தில் ரிப்போர்ட் வெறும் 1:15 என்று காட்டிய பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது. தப்பு இவ்வளவு பெரிதாகாமல் இருந்திருந்தால் இன்னும் ஏமாந்துகொண்டே இருந்திருப்பார்.

ஏன் இப்படி? ஆக்சஸுக்குத் தெரிந்ததெல்லாம் தேதி. 1899 டிசம்பர் 30 நள்ளிரவைப் பூஜ்யமாக வைத்து, ஒரு முழு நாளை 1 என்று எண்ணுகிறது. 46 மணி 30 நிமிடம் அதற்கு 1.9375. "மணி, நிமிடமாகக் காட்டு" என்றால் அந்த 1-ஐ விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் 22:30 என்று காட்டும். உள்ளே இருக்கும் எண் சரி. திரையில் தெரிவதுதான் பொய்!

மொத்தம் 24 மணியைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? அதுதான் முதல் அபாய மணி.

ராத்திரி வேலை பார்ப்பவர்களே, உங்களுக்கு இன்னும் ஆபத்து. 10:30-க்கு ஆரம்பித்து 1:15-க்கு முடித்தால் 2 மணி 45 நிமிடம். தேதி இல்லாமல் நேரத்தை மட்டும் பதிந்திருந்தால், கழித்து வருவது மைனஸ் கணக்கு. நேரமாகக் காட்டும்போது அந்த மைனஸும் மறைந்துபோய் 21:15 என்று நிற்கும். அப்படியே பில் போனால் கஸ்டமர் உங்களைத் திருடன் என்பார்.

இரண்டு நேரங்களின் இடைவெளியை எண்ணும் டேட்டிஃப் (DateDiff) ஃபங்ஷன் போட்டுத்தானே எழுதியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் 'எம்' என்றால் மாதம், நிமிடத்துக்கு 'என்'. 'ஹெச்' போட்டால் 9:59 முதல் 10:01 வரை ஒரு மணி நேரம்! 9:00 முதல் 9:59 வரை பூஜ்யம்! கடிகாரம் எத்தனை முறை மணியைத் தாண்டியது என்று மட்டும்தான் அது எண்ணும்.

எல்லாவற்றையும்விட நயவஞ்சகமானது ஆக்சஸின் ரவுண்ட் (Round) ஃபங்ஷன். பள்ளியில் படித்தபடி அரை வந்தால் மேலே ஏற்றும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! சரிபாதி வந்தால், பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும். அரைமணிக் கணக்குக்காக நிமிடத்தை 30-ஆல் வகுத்து ரவுண்ட் செய்து பாருங்கள். 15 நிமிடம் பூஜ்யம். 45 நிமிடம் ஒரு மணி. 75 நிமிடமும் அதே ஒரு மணி! கஸ்டமர் எக்செலில் போட்டுப் பார்த்தால் 75 நிமிடம் ஒன்றரை மணியாக வரும். ஒரே கணக்கு, இரண்டு விடை. எந்தக் கணக்கு சரி என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆரம்பத்தையும் முடிவையும் தேதியோடு பதியுங்கள். டேட்டிஃப்பில் 'என்' போட்டு முழு நிமிடங்களாக எடுங்கள். கடைசி வரை நிமிடமாகவே கூட்டுங்கள். 60-ஆல் வகுப்பது ரிப்போர்ட்டில் மட்டும். அரைமணிக்கு ரவுண்ட் வேண்டுமென்றால் 30-ஆல் வகுத்து, 0.5 கூட்டி, பின்னத்தை வெட்டும் இன்ட் (Int) போட்டு, மறுபடி 30-ஆல் பெருக்குங்கள். 75 ஒழுங்காக 90 ஆகும்.

இன்னொன்று. ஒவ்வொரு பதிவையும் ஏற்றுவதா, நாள் மொத்தத்தை ஏற்றுவதா? 4 நிமிட போன் பேச்சு பத்து. தனித்தனியாகக் கால்மணிக்கு ஏற்றினால் 150 நிமிடம். கூட்டிவிட்டு ஏற்றினால் 45. இதை முன்கூட்டியே கஸ்டமரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

ஃபைலைத் திருத்துகிற வேகத்தில் பழைய பதிவுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்! ஆரம்ப நேரமும் முடிவு நேரமும் டேபிளில் இருக்கும் வரைதான் விட்டுப்போன மணிகளைத் திரும்ப எண்ண முடியும்.