நாற்பத்திரண்டு நாள் பிளாஸ்டர்: பில் வராத வைத்தியத்தின் செலவு

பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஒரு பிள்ளையின் கால் முறிவுக்கு எக்ஸ்ரே எடுத்து, மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி, பிளாஸ்டர் போட்டு, வாட்டில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பம் கட்ட வேண்டிய தொகை 0 ரூபாய். அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. எழுபதுகளில் சில வருடம் 25 சதம் வாங்கினார்கள்; 1977இல் அதுவும் போயிற்று. இந்த 0ஐ முதல் வரியில் எழுதாமல் கணக்கைத் தொடங்குவது நன்றிகெட்ட வேலை.

வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் செலவும் 0 ஆகலாம். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. 2016 ஜூலையில் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய சேவை, பின்னர் 209 வண்டிகள் சேர்ந்து 297 ஆகி நாடு முழுக்கப் பரவியது. முறிந்த காலோடு பிள்ளையை ஓட்டோவில் தூக்கிப் போடுவதைவிட, இருந்த இடத்திலேயே அசையாமல் வைத்து 1990க்கு அழைப்பது நல்லது. பதற்றத்தில் பலருக்கு அந்த நாலு இலக்கம் ஞாபகம் வருவதில்லை.

பிளாஸ்டரோடு கழியும் ஆறு கிழமையின் கணக்கு வீட்டில்தான் எழுதப்படுகிறது. அதில் பெரிய வரி எது என்று கேட்டால் பால்மா என்பார்கள், ஓட்டோ என்பார்கள். கூட்டிப் பார்த்தால் அது அம்மாவின் வேலைநாள்.

கணக்குக்காக இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட். அம்மா காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் சம்பளத்துக்கு நிற்பவர். மற்றது கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்குள் ஒரு வீடு. அம்மா ஓடர் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர். இரண்டு வீட்டிலும் ஆறு வயதுப் பிள்ளை, எடை 20 கிலோ, கீழ்க்கால் எலும்பு முறிவு, தொடைவரை பிளாஸ்டர், 42 நாள்.

42 என்பது சும்மா வந்த எண் அல்ல. பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகப் பொருந்தும். தொடை எலும்புக்கு வைத்தியர்கள் சொல்லும் ஒரு பழைய வழிக்கணக்கு உண்டு: பிறந்த குழந்தைக்கு 3 கிழமை, எட்டு வயதில் 8 கிழமை, பன்னிரண்டில் 12. கீழ்க்கால் முறிவுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை என்பது பொதுவான அளவு. பெரியவர்களுக்கு இதே முறிவு மாதக்கணக்கில் இழுக்கும்.

பிளாஸ்டர் துணி 15 சென்ரிமீற்றர் அகலம், 2.7 மீற்றர் நீளச் சுருளாக வரும். ஐந்து சுருள் போனால் 13.5 மீற்றர். தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிடத்தில் இறுகிவிடும்; முழுதாகக் காய ஒன்றிரண்டு நாள் வேண்டும், கொழும்பின் ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூட. அதுவரை அதைத் தூக்கும்போது விரல் நுனியால் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையால் ஏந்த வேண்டும். விரல் பதிந்த குழி உள்ளே தோலை அழுத்தும். முதல் 48 மணி நேரம் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்து, கால்விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால், விரல் வீங்கிக் குளிர்ந்தால், மருந்துக்கும் அடங்காத வலி இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பிப் போகவேண்டும். மூன்றாம் நாளில் கடி தொடங்கும். ஈர்க்கு, அடிமட்டம், பின்னல் ஊசி எதையும் உள்ளே விட வேண்டாம். உள்ளே கீறிய தோல் புண்ணாகி மணம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

இனி நாள்கணக்கு. தொடைவரை பிளாஸ்டர் போட்ட ஆறு வயதுப் பிள்ளையை ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை மலசலகூடத்துக்கோ கட்டிலில் இருந்து கதிரைக்கோ தூக்க வேண்டும். 42 நாளில் 252 தடவை, ஒவ்வொன்றிலும் 20 கிலோவும் பிளாஸ்டரும். அம்மம்மா வீட்டில் இருந்தாலும் அவரால் தூக்க முடியாது. பக்கத்தில் இருந்து கதை சொல்லலாம், சோறு தீத்தலாம். அதனால் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டியவர் அநேகமாக அம்மா. வாட்டில் பிள்ளையோடு தங்குவதும் அவர்தான். அப்பா பார்வையாளர் நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து போவார்.

கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமைய விடுமுறை. மொத்தம் 21. முதல் வருடத்தில் இதுவும் முழுதாகக் கிடைக்காது. கிழமைக்கு ஐந்தரை வேலைநாள் என்றால் ஆறு கிழமைக்கு 33. ஒரு போயாவைக் கழித்தால் 32. வெள்ளவத்தை அம்மா அந்த வருடம் ஒரு லீவும் எடுக்காதவர் என்றே வைத்தாலும் 11 நாள் துண்டு விழுகிறது. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். 11 நாளுக்கு 13,200. அதன் பிறகு வருட முடிவுவரை காய்ச்சலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ அவரிடம் ஒரு லீவும் இல்லை.

அரச ஊழியருக்கு 21 நாள் அமைய விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும், ஆக 45. ஐந்து நாள் வேலைக்கிழமையில் 30 நாள் போனாலும் சம்பளம் வெட்டப்படாமல் தப்பலாம். கொட்டாஞ்சேனைத் தையல் அம்மாவுக்கு லீவு என்ற வரியே இல்லை. ஞாயிறு தவிர்த்து 36 நாள். அதே 1,200ஐ அளவாக வைத்தால் 43,200 ரூபாய். வீட்டில் இருந்துதானே தைக்கிறார் என்று சொல்பவர்கள், கூப்பிட்டவுடன் எழும்பிப் போக வேண்டிய ஒருவர் மெசினில் எத்தனை சட்டை முடிப்பார் என்று யோசிக்க வேண்டும். பாதி முடித்தாலும் 21,600 நட்டம்.

போக்குவரத்து இதன் பக்கத்தில் சிறியது. கிளினிக்குக்கு ஐந்து தடவை போக நேரும் என்று கொள்வோம். ஓட்டோவுக்கு முதல் கிலோமீற்றர் 100, பிறகு ஒவ்வொன்றுக்கும் 80 என்று வைத்தால், வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு சுமார் 6 கிலோமீற்றருக்கு 500, போய்வர 1,000, ஐந்து தடவைக்கு 5,000. கொட்டாஞ்சேனையிலிருந்து 5 கிலோமீற்றர் என்று பார்த்தால் 4,200. பஸ்ஸில் போனால் மிச்சம்தான், ஆனால் மடங்காத காலோடு பஸ்ஸின் படியில் ஏறுவது எப்படி? ஓட்டோவிலேயே பிள்ளையின் முதுகு ஒரு பக்கக் கம்பியில் சாய, குதிக்கால் மறுபக்கம் அம்மாவின் மடியில் கிடக்கும். அப்பாவுக்கு இடம் இல்லை, அவர் பின்னால் தனியாக வருவார்.

மாடிப்படியையும் எழுத வேண்டும். ஒரு மாடிக்கு 18 படி என்றால் மூன்று மாடிக்கு 54. லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்து கிளினிக்குக்கு ஏறி இறங்கினால் 540 படி. லிப்ட் இருந்தாலும் கரண்ட் இருக்க வேண்டும்: 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நகரம் இது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்தது. பள்ளிக்கூடப் படிகள் பலவற்றில் இன்னும் அது தெரியவில்லை. அதனால் கெட்டிக்காரப் பிள்ளையும் ஆறு கிழமை, ஏறக்குறைய 30 பாடசாலை நாள், வீட்டில் கிடக்கிறது.

சாப்பாட்டில் வீண் செலவு செய்ய வேண்டாம். ஆறு வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கல்சியம் என்பது ஒரு பொதுப் பரிந்துரை. 200 மில்லிலீற்றர் பாலில் சுமார் 240 இருக்கும். 400 கிராம் பால்மா 2021 ஒக்ரோபரில் 380இலிருந்து 480 ஆகி, 2022 மார்ச்சில் 790க்குப் போனபோது, பல வீடுகளில் பால் தேத்தண்ணீர் வெறும் தேத்தண்ணீர் ஆனது. அந்த நிலை திரும்பினாலும் குரக்கன் இருக்கிறது: 100 கிராம் மாவில் சுமார் 340 மில்லிகிராம். எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி மீதியைப் பார்த்துக்கொள்ளும். எலும்பு ஒட்ட என்று விற்கும் விலை கூடிய டின் மாவுக்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

முறிவுக்கு நாட்டு மருந்து வைத்துப் புக்கை கட்டுவதைப் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஒட்டகப்புலம் முறிவு வைத்தியத்துக்குப் பெயர்போன ஊர். அந்த நம்பிக்கை கொழும்புக்கும் கூடவே வந்திருக்கிறது. எக்ஸ்ரே இல்லாமல், வீங்கிய காலை இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடலாம். பிள்ளையின் முறிவு வளரும் நுனியில் இருந்தால் கால் கோணலாக வளரவும் கூடும். பாட்டன் பூட்டன் காலத்து அறிவை மதிக்கலாம். பிள்ளையின் காலை முதலில் எக்ஸ்ரே மேசையில் வைக்க வேண்டும்.

கூட்டல்: வெள்ளவத்தை வீட்டில் 13,200உம் 5,000உம் சேர்ந்து 18,200. கொட்டாஞ்சேனை வீட்டில் 43,200உம் 4,200உம் சேர்ந்து 47,400. முதல் தொகையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கும், இரண்டாவதில் நூற்றுக்குத் தொண்ணூறும் சம்பளம். அரசு பிளாஸ்டரை இலவசமாகத் தந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கும் கையின் சம்பளத்துக்குத்தான் வழி செய்யவில்லை. நோயாளிப் பிள்ளையைப் பார்க்கும் பெற்றோருக்கென்று தனி லீவு, வருடத்துக்குப் பத்து நாளாவது, கடை ஊழியர் சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். சேர்த்தால் வெள்ளவத்தை அம்மாவின் 11 நாள் துண்டு ஒரு நாளாகிவிடும். தையல் அம்மாவுக்கு அது போதாது. அவருக்கு நேரடி உதவித்தொகை தேவை.

அதற்கிடையில் கையில் இருப்பதை விட வேண்டாம். 2017இல் தொடங்கப்பட்ட சுரக்ஷா மாணவர் காப்புறுதி இருக்கிறது. வாட்டிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை இரண்டு போட்டோகொப்பி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, மற்றதோடு பிள்ளையின் பாடசாலை அலுவலகத்துக்குப் போய், இந்த வருடம் எதற்கு எவ்வளவு தருகிறார்கள், எந்தத் திகதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பிளாஸ்டர் வெட்டும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.