ஜெயில் வாசலுக்கு 50 கிலோ மீட்டர்! 'மனு' பார்க்க அலையும் குடும்பங்கள்

சிறுவாச்சூர்:
சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலில் வழக்கமாக திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறப்பு. அன்று பஸ்சில் வந்து இறங்கும் கூட்டம் தேங்காய், மாலை வாங்க ஓடும். அதே இடத்தில் திருச்சி பஸ்சுக்கு நிற்பவர்களில் சிலர் தேடிப் போவது வேறு வாசல். புருஷனோ, மகனோ உள்ளே இருக்கும் மத்திய சிறை வாசல்!

"கைதானவர் திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்" என்பதோடு பேப்பரில் செய்தி முடிந்து விடும். வீட்டாருக்கு அங்கேதான் ஆரம்பம்.

தலை எண்ணிக்கை

வெள்ளைக்காரன் காலத்தில், 1865-ல் ஏற்பட்ட ஜெயில் இது. ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு திருச்சியிலேயே தனிச் சிறை உண்டு. தண்டனைக் கைதி வேறு, விசாரணைக் கைதி வேறு என்று பிரித்து வைக்கிறார்கள். காலையில் அறையைத் திறந்ததும் தலை எண்ணுவார்கள். மாலையில் அடைக்கும்போதும் எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் வார்டர்களுக்கு அன்று தூக்கம் போச்சு!

தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு, கூலியும் உண்டு. அதில் ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று பிடித்தம்.

உறவினர் வந்து பார்ப்பதற்கு 'மனு' என்று பெயர். அடையாள அட்டை காட்டி மனு கொடுத்தால் சில நிமிடம் பேசலாம். 2020 கொரோனாவில் அதுவும் நின்றது. செல்போன் வீடியோவில்தான் முகம் பார்த்தார்கள்.

'குண்டாஸ்' விழுந்தால்?

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லையே என்று சிலர் வாசலில் தவிப்பார்கள். காரணம், 1982-ம் ஆண்டின் குண்டர் சட்டம். கலெக்டர் உத்தரவு போட்டால் 12 மாதம் வரை உள்ளேதான். வழக்கில் வாங்கிய ஜாமீன் இதற்குச் செல்லாது. 3 வாரத்துக்குள் விஷயம் ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டும். கைதான நாளில் இருந்து 7 வாரத்துக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். காரணம் போதாது என்று குழு சொன்னால் ஆளை விட்டாக வேண்டும். இது தெரியாமல், "நான் எடுத்துத் தர்றேன்" என்கிற புரோக்கரிடம் தாலியை அடகு வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

சாதாரண வழக்கிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை வந்து விடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மறுநாள் குற்றப்பத்திரிகை வந்து விட்டால் போச்சு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் 1987-ம் ஆண்டு சட்டப்படி அவருக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். போனில் கேட்க 15100.