சந்தை விலையும் சிறு விவசாயியும்

உழுது விதைத்து, நீர் பாய்ச்சி, களை பறித்து, பூச்சிக்குத் தப்பிய பயிரை அறுவடை செய்த பின்னும் குடியானவரின் கவலை தீர்வதில்லை. விளைந்த பொருளுக்கு இன்று என்ன விலை என்னும் கேள்வி அவர் முன் நிற்கிறது. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் ஓரிரு ஏக்கரில் கத்தரி, வெண்டை, தக்காளி, மல்லிகை பயிரிடுவோர் பலர், அக்கேள்விக்கு விடையைச் சரக்கு வாங்க வரும் வியாபாரியின் வாயிலாகவே அறிகின்றனர். வாங்குபவரே விலையும் சொல்பவரானால் பேரத்திற்கு இடம் ஏது? இக்குறையை நீக்கும் வழி யாது, அதில் பஞ்சாயத்தின் கடமை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

பொருளுக்கு ஏற்ற செய்தி

எல்லாப் பொருளுக்கும் ஒரே வகையான விலைச் செய்தி பயன்படாது. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. 2025-26 பருவத்திற்கு மத்திய சர்க்கார் அறிவித்த விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில சர்க்காரின் ஊக்கத் தொகை இதற்கு மேல் தனியாக உண்டு. இவ்விலையைப் பருவத்திற்கு ஒரு முறை அறிந்தால் போதும்.

மல்லிகையின் நிலை வேறு. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விடியும் முன் மொட்டாகப் பறித்து, காலையிலேயே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டு சேர்த்தாக வேண்டும். முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாளே சரிந்துவிடும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்தால் மீண்டும் ஏறும். பூவுக்கும் காய்க்கும் நேற்றைய விலை இன்றைக்கு உதவாது.

இதுவரை நடந்த முயற்சிகள்

நியாய விலை கிடைக்கச் செய்யும் முயற்சி நம் மாநிலத்திற்குப் புதியதன்று. சென்னை வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டது. அதன்படி 1936-இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. இக்கூடங்களில் வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை குறிப்பிடுகின்றனர். விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துகிறார்.

உழவர் சந்தை பிறந்ததும் நம் மதுரையிலேதான். 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அங்கு அன்றாட விலை, மொத்த விலைக்கு மேலாகவும் கடைகளின் சில்லறை விலைக்குக் கீழாகவும் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயி இடைத்தரகரின்றி நேரே விற்கிறார். பின்னர் 2016 ஏப்ரலில் மின்னணு தேசிய வேளாண் சந்தையும், 2018-இல் மாநில சர்க்காரின் ‘உழவன்’ செயலியும் வந்தன. அச்செயலியில் சந்தை விலையையும் காணலாம்.

மேலூர் கற்பித்த பாடம்

இவற்றிற்கு முன்னரே நம் மேலூர் வட்டாரம் ஒரு பெரும் சோதனைக்குக் களமாயிற்று. 2001-இல் தொடங்கிய அத்திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டு பல்கலைக் கழகமும் பங்கு கொண்டன. கம்பியில்லா முறையில் கிராமங்களுக்கு இணைய இணைப்பு வந்தது. உள்ளூர்வாசிகள் சிறு நிலையங்களை நடத்தினர். சான்றிதழுக்கு விண்ணப்பம், வேளாண்மை ஆலோசனை, கண் மருத்துவ ஆலோசனை முதலியன ஊரிலேயே கிடைத்தன. ஆயினும் சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. நடத்துபவருக்குப் போதிய வருவாய் இல்லை. தொடர்ந்த பயிற்சியும் உதவியும் குறைந்தன. கருவி வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணலாகாது என்பதே இதன் பாடம்.

வெற்றி கண்ட இடங்களும் உண்டு. புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய செய்தி ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எட்டியது. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவியபோது நேர்ந்த மாறுதலை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். முன்பு ஒரு துறையில் மீன் வாங்க ஆளின்றிக் கொட்டப்படும்; அடுத்த துறையில் மீன் கிடையாது. படகிலிருந்தே விலை கேட்கத் தொடங்கியபின் இந்நிலை நீங்கிற்று. மீனவரின் லாபம் சராசரி 8 சதவிகிதம் உயர, மீன் விலையோ 4 சதவிகிதம் குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே நன்மை விளைந்தது.

நாம் செய்த பிழை

நம் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். நம் ஒன்றியத்தில் ஒரு சிற்றூரின் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் விலைப் பலகை ஒன்றை நிறுவினோம். முதல் மூன்று வாரங்கள் ஒழுங்காக எழுதப்பட்டது. பின்னர் எழுதுபவர் வேறு வேலைக்குப் போக, பலகையில் பழைய விலையே நின்றது. அதை நம்பிய ஒரு விதவைத் தாய், வீட்டு வாசலில் வந்து கேட்ட விலையை மறுத்து, இரண்டு கூடைத் தக்காளியுடன் பஸ் ஏறி நகருக்குச் சென்றார். அங்கே விலை பாதியாக இறங்கியிருந்தது. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அவருக்கு நஷ்டம். “பலகையே இல்லாதிருந்தால் வாசலிலேயே கொடுத்திருப்பேன், ஐயா” என்று அவர் நம்மிடம் சொன்னபோது பதில் கூற இயலவில்லை. விலை தெரியாமையினும் தவறான விலை தீங்கானது. அன்று முதல் தேதியில்லாத விலையைப் பலகையில் விட்டு வைப்பதில்லை என்று உறுதி செய்தோம்.

கைக்கு வருவது எவ்வளவு?

பலகையில் காண்பது முழுதும் கைக்கு வராது. ஓர் உதாரணம் காண்போம். 100 கிலோ கத்தரிக்காய்க்கு ஊரில் கிலோ 18 ரூபாய் வீதம் 1,800 ரூபாய் கேட்கின்றனர். நகர மண்டியில் விலை 26 ரூபாய். கழிவு 4 கிலோ போக 96 கிலோவுக்கு 2,496 ரூபாய். கமிஷன் 250, வண்டி வாடகை 250, ஏற்று இறக்குக் கூலி 60 கழித்தால் மிஞ்சுவது 1,936 ரூபாய். வித்தியாசம் 136 ரூபாயே. ஒரு நாள் உழைப்பிற்கு அது ஈடாகாது. ஆனால் நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகை நாலில் ஒன்றாகும். அப்போது வித்தியாசம் 300 ரூபாயைத் தாண்டும். நால்வரில் ஒருவர் மட்டும் சென்றால் போதும். விலைச் செய்தி கூட்டு முயற்சியோடு சேரும்போதே பலன் தருகிறது.

மற்றொன்றும் உண்டு. விதைக்கும் உரத்திற்கும் மண்டியில் முன்பணம் பெற்றவர், வேறிடத்தில் நல்ல விலை இருப்பதை அறிந்தும் அங்கு விற்க இயலாது. ஆதலின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்தில் பயிர்க் கடன் பெற உதவுவதும் விலைப் பணியின் ஒரு பகுதியேயாகும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

1. விலை கேட்டுச் சொல்லும் பொறுப்பை ஒருவருக்கும், அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவருக்கும் ஒப்படைத்தல். சுய உதவிக் குழுப் பெண்கள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள்.

2. ஊரில் விளையும் நான்கைந்து பொருள்களின் விலையை மட்டும் தேதி, நேரம், சந்தையின் பெயர், தரம் ஆகியவற்றுடன் எழுதுதல். எல்லாம் கிலோக் கணக்கில் இருக்கட்டும். கூடையும் மூட்டையும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

3. கைப்பேசி வைத்திராதவருக்காக ஒலிபெருக்கியில் அறிவித்தல்.

4. உழவர் சந்தை அடையாள அட்டை பெறாத விவசாயிகளின் பட்டியலைத் தயாரித்து, தோட்டக்கலை, வேளாண் விற்பனைத் துறை அலுவலரிடம் அளித்தல்.

5. கிராம சபைக் கூட்டத்தில் விலைப் பணி நடந்த விதத்தைக் கணக்குப் போல் படித்தல்.

ஐயம் தோன்றினால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் விவசாயிகள் அழைப்பு மையத்தைக் கேட்கலாம்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு பலகையும் சுண்ணாம்புக் கட்டியும், நாள் தவறாத ஒருவரும் போதும். பலகை வைப்பது ஒரு நாள் விழா. அதை எழுதுவதோ அன்றாடக் கடமை. அக்கடமையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஏற்பார்களாயின், விலை கேட்டுத் தலை குனிந்து நிற்கும் குடியானவர், விலை சொல்லி விற்கும் நிலையை அடைவார்.