உங்களுக்குத் தெரியுமா? பசியை நடந்தே போய் வரைந்தவர்!

காரைக்கால் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். இதே வங்கக் கடல், இதே மாதிரி நெல் விளையும் பூமி. அந்தக் கோடியில் வங்காளத்தின் மிட்னாபூர்! 1942 அக்டோபரில் அங்கே பெரும்புயல் அடித்தது. மறு ஆண்டே பஞ்சம். 1977 புயலையும் 2004 சுனாமியையும் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கவா வேண்டும்? வங்கம் முழுக்க மாண்டவர்கள் 30 லட்சம் வரை!

அந்த மிட்னாபூருக்குள் காகிதமும் மையுமாகக் கால்நடையாகவே போனார் ஓர் ஓவியர். பெயர் சித்தபிரசாத். அப்போது வயது வெறும் 28!

பிறந்தது 1915இல், நைஹாத்தியில். முழுப்பெயர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. சாதியைச் சொல்லும் பின்பாதி எனக்கெதற்கு என்று வெட்டி எறிந்துவிட்டார்! படங்களில் அவர் பெயர் ஒற்றைச் சொல்தான்.

எந்த ஓவியக் கல்லூரியில் படித்தார்? எதிலும் இல்லை! எல்லாம் தானாகக் கற்றது.

பஞ்சத்தில் முதலில் விழுந்தது யார் தெரியுமா? நிலமில்லாத கூலிகள். அடுத்து மீனவர்கள்! ஜப்பான் படைக்குக் கிடைத்துவிடக் கூடாதென்று, 10 பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பிரிட்டிஷ் அரசு பிடுங்கிக்கொண்டிருந்தது. படகு போனால் கடலோரத்தில் அடுப்பு எப்படி எரியும்?

அவர்களைத்தான் சித்தபிரசாத் வரைந்தார். எலும்பும் தோலுமாகச் சாலையோரம் கிடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். பேர் என்ன, எந்த ஊர், என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துவைத்தார். ராஜாக்களின் படத்துக்குக் கீழே பெயர் இருப்பது வழக்கம். பட்டினியில் கிடந்த கூலிக்காரரின் பெயரைக் குறித்துவைத்த ஓவியர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள் பார்ப்போம்!

படங்களும் பயணக் குறிப்பும் 1943இலேயே புத்தகமாக வந்தன. தலைப்பு ‘பசித்த வங்காளம்’. விடுமா அரசு? பறிமுதல் செய்து கொளுத்திவிட்டது. சாம்பலானவை சுமார் 5,000 பிரதிகள்!

இனிமேல்தான் அதிசயமே. ஒரே ஒரு பிரதி தப்பியது! குடும்பத்தார் அதை வங்கிப் பெட்டகத்தில் பூட்டிப் பாதுகாத்தார்கள். நகைக்குப் பெட்டகம் கேள்விப்பட்டிருப்பீர்கள், பட்டினிப் படங்களுக்குப் பெட்டகம் கேள்விப்பட்டதுண்டா? அதை அப்படியே நகலெடுத்து 2011இல் மறுபடி அச்சிட்டார்கள். இடையில் ஓடியவை 68 ஆண்டுகள்!

சித்தபிரசாத் 1946இல் பம்பாய்க்குக் குடியேறினார். அந்தேரியில் சிறிய வீடு. தரையில் விரிக்கிற லினோலியத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுப்பார். செலவோ சொற்பம். ஒரே படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம்!

அந்த லினோலியத்தில்தான் உழைக்கும் குழந்தைகளையும் செதுக்கினார். விளையாட்டு வயதில் வேலைக்குப் போன பிள்ளைகள்! ‘தேவதைக் கதை கேட்காத தேவதைகள்’ என்று பொருள்படும் அந்த வரிசையை 1969இல் டென்மார்க்கின் யுனிசெஃப் குழு நூலாகவே போட்டது. அவர் ஆக்கங்களிலேயே நெஞ்சை அதிகம் உலுக்குவது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

வரைந்ததோடு விட்டாரா? குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகப் பொம்மலாட்டக் குழுவே தொடங்கினார். பெயர் ‘கேலாகர்’, அதாவது விளையாட்டு வீடு. பொம்மைகளும் அவர் கைவேலைதான்!

‘இப்டா’ நாடக இயக்கத்தின் முரசு கொட்டும் மனிதர் சின்னம் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இவர் வரைந்ததே!

செக் நாட்டு இயக்குநர் பாவெல் ஹோப்ல் இவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்!

சித்தபிரசாத் 1978இல் கல்கத்தாவில் காலமானார். ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் உலகப் புகழ் ‘டாக்குமென்டா’ கலைக் கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றது எப்போது தெரியுமா? 2017இல். இறந்து 39 ஆண்டுகள் கழித்து!